ஏழாம் பக்கத்தில் இரண்டு வரி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் இதழியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'பல்கலைக்கழக மாணவர்கள் ஏன் செய்தித்தாள் படிக்கிறார்கள்' என்பது என் ஆய்வேட்டின் தலைப்பு. நானாக எடுத்ததில்லை, கைடு கொடுத்தது. கூகுள் படிவத்தில் கேள்விகள் போட்டு எல்லாத் துறைகளுக்கும் அனுப்பினேன். பதில்களைப் பார்த்தால் எனக்கே சலிப்பாக இருக்கிறது. பெரும்பாலானோர் 'உலக நடப்பை அறிய' என்று டிக் செய்திருக்கிறார்கள். அடுத்தது 'போட்டித் தேர்வுக்காக', அப்புறம் 'மொழித்திறனுக்காக'. 'பொழுதுபோக்கு' என்றவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் உண்மை வேறு. விடுதியில் என் அறையில் நான்கு பேர் இருக்கிறோம், யாரும் பேப்பர் தொடுவதில்லை. நான்கு பேருமே 'தினமும் படிக்கிறேன்' என்றுதான் நிரப்பினோம். நானும் நிரப்பினேன், எண்ணிக்கை போதவில்லை என்பதால்.

நீங்கள் பேப்பர் படிப்பதைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். எல்லாம் போனில் வந்துவிடும்போது மாணவர்கள் ஏன் செய்தித்தாள் படிக்க வேண்டும்? தாளில் படித்தால்தான் படிப்பா? பேப்பர் படித்தால் மொழி வளரும் என்பது நிஜமா? முடிவுரையில் நான் என்னதான் எழுதுவது?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

முதலில் திட்டிவிடுகிறேன். ஆய்வு செய்கிறவளே தன் படிவத்தைத் தானே நிரப்பி, அதிலும் பொய்யை நிரப்பி, அதை முன்பின் தெரியாத ஒருத்திக்குக் கடிதமாகவும் எழுதி அனுப்புவது என்றால் அதற்கு ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் எனக்குப் பிடித்திருக்கிறது, செய்த காரியம் பிடிக்கவில்லை. உங்கள் அறைக்காரர்கள் நான்கு பேரின் பதில்களையும் இன்றைக்கே நீக்குங்கள். நீக்கியதோடு விடாமல், இப்படி நான்கு பதில்கள் இருந்தன, இன்ன காரணத்தால் நீக்கினேன் என்று ஆய்வேட்டில் ஒரு வரி எழுதுங்கள். கைடு முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். உங்கள் கடிதத்தில் எனக்குப் புதிதாகத் தெரிந்த ஒரே தகவல் அந்த நான்கு பொய்ப் பதில்கள்தான்.

உங்கள் கடிதம் வந்த நேரமும் ஒரு மாதிரியான நேரம். இரண்டு வாரமாக ஒரு சின்ன விஷயம் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது, அதுவும் பேப்பரைப் பற்றியதுதான். கடைசியில் சொல்கிறேன். சொல்லாமல் தப்பித்துவிடலாம் என்றுதான் இருந்தேன், நீங்கள் விடவில்லை.

தலைப்பைப் பற்றிச் சலித்துக்கொள்ளாதீர்கள். உலகத்தின் முதல் நாளிதழ் 1650-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் வந்தது. சரியாக நாற்பது வருடம் கழித்து, 1690-ல், அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் டோபியாஸ் பாய்ட்ஸர் என்ற மாணவர் செய்தித்தாள்களைப் பற்றி லத்தீனில் ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிக் கொடுத்தார். செய்தி என்ற ஒன்று ஏன் பிறக்கிறது என்று கேட்டு, படிக்கிறவனின் ஆவலும் அச்சடிக்கிறவனின் லாபமும்தான் காரணம் என்று அன்றைக்கே எழுதிவிட்டார். கூகுள் படிவம் இல்லாமல். ஆக, நீங்கள் தனியாக இல்லை, முந்நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரிசையில் கடைசி ஆளாக நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் படிவத்தில் எல்லோரும் 'உலக நடப்பை அறிய' என்று டிக் செய்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. 1945 ஜூன் கடைசியில் நியூயார்க்கில் பேப்பர் போடுகிற தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு வாரத்துக்கும் மேல் பெரிய பேப்பர்கள் எதுவும் வீடுகளுக்குப் போகவில்லை. மேயர் லா கார்டியா வானொலியில் உட்கார்ந்து, குழந்தைகள் ஏங்கிப்போகக் கூடாதென்று சித்திரக்கதைகளைக் குரல் மாற்றிப் படித்துக் காட்டினார். அந்த நாட்களில் பெர்னார்ட் பெரல்சன் என்ற ஆய்வாளர், மன்ஹாட்டனில் அறுபது பேரை நிதானமாக உட்கார வைத்துப் பேசினார். எல்லோரும் ஒரே மாதிரி, பேப்பர் இல்லாமல் முடியாது, முக்கியமான விஷயங்கள் தெரியாமல் போகிறது என்றார்கள். சரி, எந்த விஷயம் தெரியாமல் போகிறது என்று சொல்லுங்கள் என்று கேட்டால் பல பேருக்கு வாய் திறக்கவில்லை. இத்தனைக்கும் பசிபிக்கில் உலகப் போர் இன்னும் முடியவில்லை.

தோண்டத் தோண்ட வேறு காரணங்கள் வந்தன. இன்றைக்கு வானொலியில் என்ன நிகழ்ச்சி, எந்த சினிமா எங்கே ஓடுகிறது, பங்கு விலை என்ன, யார் இறந்தார்கள். நாலு பேர் பேசும்போது தானும் ஒரு வாய் போட வேண்டுமே என்ற கவலை. காலையில் கை சும்மா இருக்க முடியாத பழக்கம். ஏதோ ஒன்றைப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற அரிப்பு. பெரல்சன் இதை 1949-ல் கட்டுரையாக வெளியிட்டார். மனுஷங்க தங்கள் எந்தத் தேவைக்காக ஊடகத்தைத் தேடிப் போகிறார்கள் என்று பார்க்கிற 'பயன்பாடும் மனநிறைவும்' என்று ஒரு கோட்பாடு உங்கள் பாடத்திட்டத்தில் வருமே, அந்தக் கோட்பாட்டின் ஆரம்ப காலக் கட்டுரைகளில் இது ஒன்று. படித்து, குறிப்பெடுத்து, தேர்வில் எழுதியும் இருப்பீர்கள். எழுதிவிட்டு நேராகப் போய் பெரல்சன் எந்தப் பதிலை நம்ப வேண்டாம் என்றாரோ அந்தப் பதிலுக்குக் கட்டம் போட்டு டிக் செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். இதற்கு என்ன சொல்ல?

மனுஷங்க பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்கிறவருக்கு எது கௌரவமாகப் படுமோ அதைச் சொல்கிறார்கள். நீங்களும் அதைத்தான் செய்தீர்கள்.

உங்கள் மற்றக் கேள்விகளை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். தாளா போனா என்பது எனக்குச் சலித்துப்போன சண்டை. நான் இரண்டிலும் படிக்கிறேன், கண்ணாடி இரண்டுக்கும் ஒன்றுதான். மொழி வளருமா என்றால், நல்லா எழுதுகிற பேப்பரைப் படித்தால் வளரும், மோசமாக எழுதுகிறதைப் படித்தால் மோசமாக வளரும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, அவர்கள் பாவம், பிழைக்க வேண்டும். ஆனால் தேர்வுக்காக 'நடப்பு நிகழ்வுகள்' மனப்பாடம் செய்வதைப் பேப்பர் படிப்பது என்று சொல்லாதீர்கள். அது தொலைபேசி விவரப் புத்தகத்தை ஒப்பிப்பது மாதிரி ஒரு வேலை.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் முதுகலை படித்தபோது எங்கள் பெண்கள் விடுதிக்கு ஒரே ஒரு பேப்பர்தான் வரும். முதலில் வார்டன் அறைக்குப் போகும். அவர் படித்து, அவர் வீட்டுக்காரர் படித்து, மத்தியானத்துக்கு மேல் காமன் ரூமுக்கு வரும். வந்தவுடன் தாள் தாளாகப் பிரிந்துவிடும். விளையாட்டுப் பக்கம் ஒருத்தி, சினிமாப் பக்கம் ஒருத்தி, குறுக்கெழுத்து இன்னொருத்தி. எனக்கு எப்போதும் நடுத்தாள்தான் மிஞ்சும், தலையங்கமும் வாசகர் கடிதமும். நான் பெரிய அறிவாளி மாதிரி தலையங்கம் படிக்கிறேன் என்று பெயர் வாங்கியது இப்படித்தான். மீந்ததைப் படித்தேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கௌரவமான பதில், பார்த்தீர்களா.

இரண்டாம் வருடம் எங்கள் வளாகத்தில் ஒரு போராட்டம். தேர்வுக் கட்டணம் பற்றியது, விவரம் இப்போது முக்கியமில்லை. நிர்வாகம் சில மாணவர்களை இடைநீக்கம் செய்தது. மறுநாள் பேப்பரில் பெயர்கள் வந்தன. அதில் என் அறைத்தோழியின் பெயர் இருந்தது. அவளுக்குப் போராட்டமும் தெரியாது, கட்டணமும் தெரியாது. அந்த மூன்று நாளும் காய்ச்சலில் படுத்துக் கிடந்தாள், தண்ணீர் எடுத்துக் கொடுத்தவளே நான்தான். வேறு துறையில் அதே பெயரில் இன்னொருத்தி இருந்தாள், முன்னெழுத்து மட்டும் வேறு. அவள் பெயருக்கு முன்னால் இவளுடைய எழுத்தைப் போட்டு, துறையையும் இவளுடையதாகப் போட்டுவிட்டார்கள். யார் கை தவறியது, நிருபரா, அச்சுக் கோத்தவரா, பட்டியல் கொடுத்த ஆபீஸா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதில் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். காய்ச்சலில் அவள் கிடந்தது எனக்குத் தெரியும். என் கண்ணால் பார்த்தது. இருந்தும் அன்று மத்தியானம் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்து, "அப்ப ஏன் உன் பேரு வந்திருக்கு?" என்று கேட்டேன். கேட்ட அந்த நொடியில் எனக்குள் நிஜமாகவே ஒரு சந்தேகம் இருந்தது. நான் வகுப்புக்குப் போன நேரத்தில் எழுந்து போய்விட்டு வந்து படுத்திருப்பாளோ என்று. அவள் பதில் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் அவள் அப்பா வந்தார். பேப்பரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். வரவேற்பறையில் நின்றுகொண்டே பேசினார், உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. துறைத் தலைவர் வந்து இவள் இல்லை சார், வேறு பெண் என்று விளக்கிய பிறகும் அந்தத் தாளை எடுத்து எடுத்துப் பார்த்தார். துறைத் தலைவர் வாயால் சொல்கிறார், இது அச்சில் இருக்கிறது. அவர் எந்தப் பக்கம் சாய்ந்தார் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது, ஏனென்றால் முந்தின நாள் நானும் அதே பக்கம்தான் சாய்ந்தேன்.

ஆறாம் நாள் திருத்தம் வந்தது. ஏழாம் பக்கம், ஒரு விளம்பரத்துக்குக் கீழே, இரண்டு வரி. இன்ன தேதி செய்தியில் முன்னெழுத்தும் துறையும் தவறாக இடம்பெற்றுவிட்டன, வருந்துகிறோம். பெயர்கூட முழுசாக இல்லை. காமன் ரூமில் அந்தப் பக்கம் யார் கையிலும் போகவில்லை, நடுத்தாளோடு சேர்ந்து என்னிடம்தான் மிஞ்சியது. நான்தான் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு நகவெட்டியில் இருக்கிற சின்னக் கத்தியால் அந்த இரண்டு வரியை மட்டும் கீறி எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். "இதை யாரும் படிச்சிருக்க மாட்டாங்க இல்ல?" என்று கேட்டாள். படித்திருப்பார்கள் என்று சொன்னேன். பொய்.

அதற்கப்புறம் அவள் பேப்பர் படிப்பதையே விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். நேர்மாறாக நடந்தது. படிப்பு முடிகிறவரை தினமும் படித்தாள், ஆனால் படிக்கிற முறை மாறிவிட்டது. முதலில் திருத்தம் வந்திருக்கிறதா என்று தேடுவாள். இருந்தால், நூலகத்துக்குப் போய் அந்தப் பழைய செய்தியை எடுத்து, தவறு எங்கே என்று விரல் வைத்துப் பார்ப்பாள். என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். அந்தக் கேள்விக்குப் பரிகாரமாக நானும் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழக்கம் அவளிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது, இத்தனை வருடத்தில் விடவில்லை.

அம்மாடி, ஒரு கதையைச் சொல்லிவிட்டு அதிலிருந்து தத்துவம் பிழிகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள் பேப்பர் படிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இந்த ஒரு காரணத்துக்குத்தான். உங்கள் பாடப்புத்தகத்தில் எல்லாம் முடிந்த பிறகு எழுதுகிறார்கள். யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்பாகி, தோற்றவன் பெயரைக்கூட அழித்துவிட்டுத்தான் அச்சுக்குப் போகிறது. அதை மட்டுமே படித்து வளர்கிற பிள்ளைக்கு, அறிவு என்பது எப்போதும் இப்படி இஸ்திரி போட்டு மடித்து வைத்த துணி மாதிரிதான் இருக்கும் என்று தோன்றிவிடுகிறது. பேப்பரில் விஷயம் இன்னும் அடுப்பில் இருக்கிறது. பாதி வெந்தது, கருகினது எல்லாம் இருக்கும். தப்பாக எழுதுவார்கள், அதுவும் எவ்வளவு தன்னம்பிக்கையோடு எழுதுவார்கள் தெரியுமா?

ஒரு உதாரணம் பாருங்கள். கிளார்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கோடார்ட் என்று ஒரு இயற்பியல் பேராசிரியர். ராக்கெட்டால் காற்று மண்டலத்தைத் தாண்டி மிக உயரம் போக முடியும், நிலவு வரைகூடப் போகலாம் என்று எழுதினார். 1920 ஜனவரி 13 அன்று நியூயார்க் டைம்ஸ் அவரைத் தலையங்கத்தில் கிண்டலடித்தது. வெற்றிடத்தில் ராக்கெட் எதை உதைத்துக்கொண்டு முன்னே போகும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஊட்டுகிற அறிவுகூட இவரிடம் இல்லையே என்கிற தொனியில். எழுதியவர் அசட்டு ஆள் இல்லை, அழகாக எழுதத் தெரிந்தவர். தப்பும் அழகாகவே இருந்தது. கோடார்ட் 1926-ல் திரவ எரிபொருள் ராக்கெட்டைப் பறக்கவிட்டார், 1945-ல் இறந்தும் போனார். 1969 ஜூலை 16 அன்று அப்பல்லோ 11 கிளம்பியது. மறுநாள், 17-ம் தேதி, அதே பேப்பர் ஒரு திருத்தம் போட்டது: நியூட்டன் 17-ம் நூற்றாண்டில் கண்டது மேலும் ஆராய்ந்ததில் உறுதியாகிவிட்டது, ராக்கெட் காற்றில் போலவே வெற்றிடத்திலும் இயங்கும், பிழைக்கு வருந்துகிறோம். நாற்பத்தொன்பது வருடம் கழித்து! வேடிக்கைக்காகத்தான் போட்டார்கள், தெரிகிறது. ஆனாலும் போட்டார்கள்.

இன்னொன்று எனக்கு இதைவிட நெருக்கமானது, ஏனென்றால் அது பெயர் பற்றியது. சாலமன் நார்த்தப் என்ற கறுப்பினத்தவர் சுதந்திர மனிதராகப் பிறந்து, கடத்தப்பட்டு, பன்னிரண்டு வருடம் அடிமையாகக் கிடந்து, 1853 ஜனவரியில் மீண்டார். அதை அந்த மாதம் 20-ம் தேதி செய்தியாகப் போட்டபோது அதே பேப்பர் அவர் பெயரைத் தலைப்பில் ஒரு விதமாகவும் செய்திக்குள் இன்னொரு விதமாகவும் தப்பாக அச்சடித்தது. யாரோ ஒரு வாசகர் பார்த்துச் சொல்லி, 2014 மார்ச்சில் திருத்தம் வந்தது. நூற்று அறுபத்தொரு வருடம். அதைப் படித்த அன்று என் தோழியின் பர்ஸ்தான் ஞாபகம் வந்தது. ஆறு நாளில் வந்ததே, அது பெரிய விஷயம் என்று முதல் தடவையாகத் தோன்றியது. உடனே, பெரிய விஷயமா, அவள் அப்பா அதைப் பார்க்கவே இல்லையே என்றும் தோன்றியது.

உங்கள் தலைமுறையை இங்கேதான் கொஞ்சம் காது திருக வேண்டும். ஒரு செய்தியின் ஸ்க்ரீன்ஷாட் உங்கள் வகுப்புக் குழுவில் காலை எட்டு மணிக்கு வருகிறது, ஒன்பது மணிக்குள் எல்லோரும் கோபப்பட்டு முடித்துவிடுகிறீர்கள். அந்தச் செய்தி மத்தியானம் மாறியிருக்கும், சாயங்காலம் திருத்தியிருப்பார்கள். ஸ்க்ரீன்ஷாட் மாறுமா? திருத்தத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்ட ஒரு ஆளை, ஒரே ஒரு ஆளை, நீங்கள் பார்த்திருந்தால் எனக்கு எழுதுங்கள். என் வயதுக்காரர்கள் யோக்கியம் என்று சொல்லவில்லை. காலை வணக்கப் படத்தோடு சேர்த்து பத்து வருடத்துக்கு முந்தைய வதந்தியை அனுப்புகிறவர்கள் எங்கள் ஆட்கள்தான். நாங்கள் பல்கலைக்கழகத்தில் இல்லை, நீங்கள் இருக்கிறீர்கள்.

பல்கலைக்கழகத்தில் இருப்பதாலேயே தப்பித்துவிட மாட்டீர்கள் என்பதும் உண்மை. 2017-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இருபத்தைந்து இளங்கலை மாணவர்களையும், பத்து வரலாற்று முனைவர்களையும், தகவல் சரிபார்ப்பதையே தொழிலாகச் செய்கிற பத்துப் பேரையும் இணையப் பக்கங்களை எடைபோடச் சொல்லி வேடிக்கை பார்த்தார்கள். மாணவர்களும் முனைவர்களும் பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து அதன் லட்சணத்தைப் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்க்கிறவர்கள் அந்தப் பக்கத்தை விட்டு உடனே வெளியே போய், இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். என் தோழி நூலகத்துக்கு நடந்ததும் ஏறக்குறைய அதுதான், செருப்புப் போட்டுக்கொண்டு.

உங்களுக்கு இன்னொரு கடிதத்தை ஞாபகப்படுத்த வேண்டும். 1807-ல் ஜான் நார்வெல் என்ற பதினேழு வயதுப் பையன், செய்தித்தாளை எப்படி நடத்த வேண்டும் என்று அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்ஸனுக்கு எழுதிக் கேட்டான். அதற்கு இருபது வருடம் முன்னால், பேப்பர் இல்லாத அரசாங்கமா அரசாங்கம் இல்லாத பேப்பரா என்றால் பின்னதையே எடுப்பேன் என்று சொன்னவர் அவர். பதவியில் உட்கார்ந்து அடி வாங்கிய பிறகு வந்த பதிலோ வேறு. பேப்பரை நான்கு அத்தியாயமாகப் பிரித்துவிடலாம்: உண்மைகள், இருக்கலாம் என்பவை, நடக்கக்கூடும் என்பவை, பொய்கள். முதல் அத்தியாயம் ரொம்பச் சின்னதாக இருக்கும். பேப்பர் பக்கமே போகாதவன் படிக்கிறவனைவிட விஷயம் தெரிந்தவன் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பையன் மிரளவில்லை. 1829-ல் பிலடெல்ஃபியாவில் ஒரு பேப்பரையே ஆரம்பித்தான். எனக்கு ஜெஃபர்ஸனைவிட அவனைத்தான் பிடிக்கிறது.

ஆனால் அந்த நான்கு அத்தியாயம் நல்ல யோசனை. ஒரே திருத்தம், பிரிக்கிற வேலையை ஆசிரியர் செய்ய முடியாது, அன்றைக்குச் செய்யவே முடியாது. ஒரு மாதம் போக வேண்டும். எங்கள் நூலகத்தில் பழைய பேப்பர்களை மாதவாரியாகத் தைத்து அடுக்குகிற ஊழியர் ஒருவர் இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே நுழைந்தாலே, "இன்னைக்குப் பேப்பரா, போன மாசப் பேப்பரா?" என்று கேட்பார். போன மாசம் என்றால் அவருக்கு முகம் மலரும், இன்றைய பேப்பருக்கு எல்லோரும் அடித்துக்கொள்வார்கள், அவர் தைத்ததைத் தொட எங்களை விட்டால் ஆள் இல்லை. ஒரு மாதம் பழசான பேப்பரைப் படித்துப் பாருங்கள். தலைப்புச் செய்தியில் இருந்த மந்திரி காணாமல் போயிருப்பார். நிச்சயம் நடக்கும் என்று எழுதியது நடந்திருக்காது. உள்ளே எங்கோ நாலு வரியில் கிடந்த ஒன்று இப்போது முதல் பக்கத்துக்கு வந்திருக்கும். யாருக்கு முன்பே தெரிந்திருந்தது, யார் சும்மா சத்தம் போட்டார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

முடிவுரைக்கு வருகிறேன், அதைத்தானே கேட்டீர்கள். முடிவுரையை இப்போது எழுதாதீர்கள். முதலில் அந்தப் படிவத்தைத் தூக்கிப் போடுங்கள். இருபது பேரைத் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்கவே கேட்காதீர்கள். நேற்று என்ன படித்தீர்கள், எங்கே நின்றுகொண்டு, யாரிடம் சொன்னீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் திணறியதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில், நீங்கள் படித்த ஒரு செய்தி தப்பு என்று பிறகு எப்போதாவது தெரிந்ததா, எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். இருபது பேரும் இல்லை என்றால் அதுவே பெரிய முடிவு. கைடு ஒத்துக்கொள்ளாவிட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டாம், பெரல்சன் பெயரைச் சொல்லுங்கள், அதற்கு மதிப்பு அதிகம். உங்கள் அறைத்தோழிகளையும் கேளுங்கள், ஆனால் அந்தப் பேட்டியை நீங்கள் எடுக்க வேண்டாம்.

இனி, சொல்கிறேன் என்றேனே, அது. போன மாதம் இதே தளத்தில் ராக்கெட்டைப் பற்றிய ஒரு குறிப்பில், மனிதன் நிலவில் கால் வைத்த மறுநாள் அந்தத் திருத்தம் வந்தது என்று எழுதியிருந்தேன். தவறு. திருத்தம் வந்தது ஜூலை 17, நிலவில் இறங்கியது 20-ம் தேதி. ஒரு வாசகர் பணிவாகச் சுட்டிக் காட்டினார். நான் அவருக்கு நன்றிகூடச் சொல்லாமல், ராத்திரியோடு ராத்திரியாகத் தேதியை மாற்றிவிட்டு, மாற்றிய சுவடு தெரியாமல் வைத்துவிட்டேன். இத்தனை வருடம் திருத்தம் தேடிப் படித்தவள். இரண்டு வாரமாக அந்தப் பக்கத்தைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் திறந்து, குறிப்பின் கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். அந்த வாசகருக்கும் எழுதிவிட்டேன். அவர் இன்னும் பதில் போடவில்லை.

அன்புடன்.